டீசல் எஸ்யூவில கம்பெனி சொன்ன மைலேஜ் வரல, ஃபுல் டேங்க் போடறது நல்லதா இல்ல 1000, 1000 ரூபாயா போடறது நல்லதா?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான். வண்டி வாங்கி 5 மாசம் ஆச்சு, 1.5 லிட்டர் டீசல், 20க்கு மேல கிடைக்கும்னு சொல்லி வித்தாங்க, மீட்டர்ல 13தான் காட்டுது, வாரத்துக்கு ரெண்டு தடவை 1000 ரூபாய்க்கு போடறார், கோளாறு வண்டிலயா பங்க்லயான்னு தெரியல.

நானும் இதே சைஸ் டீசல் வண்டிதான் 2021ல இருந்து ஓட்டறேன். வீடு மேடவாக்கம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். முதல்ல ஒண்ணு, அந்த 20ஐ மறந்துடுங்க. ஏஆர்ஏஐ மைலேஜ்னு சொல்றாங்களே (ஏஆர்ஏஐங்கறது வண்டிகளை டெஸ்ட் பண்ணி சான்று தர்ற அமைப்பு), அது வண்டிய ரோலர் மேல ஏத்தி, ஏசி போடாம, சுமார் 20 நிமிஷம், 90க்கு மேல போகாம ஓட்டிப் பாத்து எடுக்கற நம்பர். ரெண்டு வண்டிய ஒப்பிட்டுப் பாக்க அது உதவும், அவ்வளவுதான். மே மாசம் மதியம் வேளச்சேரி சிக்னல்ல ஏசியோட நிக்கற நமக்கு அது வரவே வராது.

ஆனா 13ன்னு மீட்டர் காட்டுதேன்னு அதையும் நம்பிடாதீங்க. என் வண்டில மீட்டர் எப்பவுமே ஒண்ணு, ஒண்ணேகால் கூடத்தான் காட்டும். சரியா தெரியணும்னா ஒரே வழி, ஒரு நோட்டுல கணக்கு எழுதறது. ஆட்டோ கட் ஆகற வரைக்கும், அதாவது டேங்க் நிறைஞ்சு பம்ப் தானா நிக்கற வரைக்கும், ஃபுல் பண்ணிட்டு ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்குங்க, அடுத்த தடவை அதே பங்க்ல முடிஞ்சா அதே பம்ப்ல திரும்ப ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க, ஓடின கிலோமீட்டரை போட்ட லிட்டரால வகுங்க. நான் ஒரு தடவை 612 கிலோமீட்டர் ஓடி 36.4 லிட்டர் போட்டேன், 16.8 வந்துச்சு, மீட்டர்ல 18.1 இருந்துச்சு. 1000, 1000 ரூபாயா போட்டா இந்தக் கணக்கை எடுக்கவே முடியாது, நான் ஃபுல் டேங்க் போடச் சொல்றதுக்கு முதல் காரணமே இதுதான். வெயிட் ஏறும்னு சிலர் பயப்படுவாங்க, 40 லிட்டர் டீசல் 33 கிலோ சொச்சம், அஞ்சாவது படிக்கிற புள்ளை ஒண்ணு கூட உக்காந்த மாதிரி, இவ்வளவு பெரிய வண்டிக்கு அது ஒரு பாரமே இல்ல.

இந்த நோட்டுதான் என்னைக் காப்பாத்துச்சு. ஸ்கூல் திறந்த புதுசுல தினமும் 3 கிலோமீட்டர் பசங்களை விடப் போறது, திரும்ப வர்றது, சாயந்தரம் மறுபடி அதே, வேற எங்கயும் வண்டி போகல. 13.4 இருந்தது 12.8 ஆச்சு, அடுத்த ஃபுல் டேங்க்குக்கு 10.9. பங்க்காரங்க மேலதான் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் டேஷ்போர்டுல டிபிஎஃப் லைட் எரிஞ்சுது. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார், 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்ததுல இருந்து டீசல் கார் சைலன்சர் லைன்ல கரிப்புகையைப் பிடிச்சு வைக்கற ஃபில்டர் ஒண்ணு இருக்கு, அதுதான் டிபிஎஃப், அது நிறைஞ்சா இன்ஜின் தானா கூடுதல் டீசலை விட்டு அந்தக் கரியை எரிக்கும், ஆனா அதுக்கு நல்லா சூடாகி ஒரே சீரா ஓடணும், 3 கிலோமீட்டர்ல ஆஃப் பண்ணிட்டா பாதியில நின்னுடும், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும், டீசல் வீணா போறதோட கொஞ்சம் இன்ஜின் ஆயில்லயும் போய் கலக்கும். அன்னிக்கே ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் 70ல ஓட்டிட்டு வந்தேன், வழியிலயே லைட் அணைஞ்சுது. அப்புறம் வாரம் ஒரு தடவை அரை மணி நேரமாவது சீரா ஓட்டறேன், சிட்டியிலயே திரும்ப 13க்கு மேல வந்துடுச்சு. அதனால உங்ககிட்ட நான் கேக்கறது, உங்க ஓட்டம் எல்லாம் இப்படி சின்னச் சின்ன ஓட்டமா? அப்படின்னா 13ங்கறது கோளாறே இல்ல. தினமும் அவ்வளவுதான் ஓடும்னா டீசலே தேவையில்ல, வாங்கறதுக்கு முன்னாடி இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ஹைவேல வேற கதை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப தம்பி ஓட்டினான், காலியா இருந்த இடத்துல எல்லாம் 110, 608 கிலோமீட்டருக்கு 38.9 லிட்டர். திரும்பி வர்றப்ப நான், 85, 90ஐ தாண்டல, அதே ஆளுங்க, அதே லக்கேஜ், கூட அம்மா கொடுத்த அரிசி மூட்டை வேற, 611க்கு 31.2 லிட்டர். 15.6 எங்க, 19.6 எங்க! 80ல போறதுக்கும் 110ல போறதுக்கும் காத்து தடுக்கற தடுப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, எஸ்யூவி உயரமா அகலமா இருக்கறதால அது நல்லாவே தெரியும். 700 ரூபாய்க்கு மேல மிச்சம், ஒரு மணி நேரம் கூட ஆச்சு, பசங்க பின்னாடி நிம்மதியா தூங்கினாங்க. மேல கேரியர் மாட்டியிருந்தா தேவையில்லாதப்ப கழட்டி வைங்க. டயர் காத்து 15 நாளுக்கு ஒரு தடவை, வண்டி ஓடி சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க, டிரைவர் கதவு பக்கத்து ஸ்டிக்கர்ல ஆள் நிறைய ஏறினா எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும்.

பங்க் விஷயம். காலையில போட்டா நிறைய கிடைக்கும்ங்கறது சும்மா, டேங்க் பூமிக்கு அடியில இருக்கு, சூடு பெருசா மாறாது. 1000க்கு பதிலா 1010 போட்டா ஏமாத்த முடியாதுங்கறதும் அப்படித்தான். சந்தேகம் வந்தா 5 லிட்டர் அளவு பாத்திரத்துல பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க, எல்லா பங்க்லயும் அது இருக்கணும், 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும்தான் வித்தியாசம் அனுமதி. கேக்கறதுக்கு கூச்சமே படாதீங்க, அது நம்ம உரிமை. வண்டிய விட்டு இறங்கி நின்னு சைபர் பாருங்க, "டீசல்"னு வாயைத் திறந்து சொல்லுங்க, எங்க தெருவுல ஒருத்தர் வண்டில பெட்ரோலை ஊத்திட்டாங்க, நல்லவேளை ஸ்டார்ட் பண்ணாம தள்ளி நிறுத்தினதால டேங்க்கை காலி பண்றதோட போச்சு. ஆட்டோ கட் ஆனதுக்கப்புறம் ரவுண்டா வரட்டும்னு அமுக்க விடாதீங்க.

நான் கால் டேங்க்குக்கு கீழ இறங்க விடறதில்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப எங்க பக்கம் பங்க் எல்லாம் தண்ணில, கரண்ட் இல்ல, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக வேண்டியிருந்தது, டேங்க்ல பாதிக்கு மேல இருந்ததாலதான் சுத்து வழியில போக முடிஞ்சுது. வெளி மாநிலம் போறப்பவும் யோசிச்சு போடுங்க, திருப்பதி, கேரளா பக்கம்னா பார்டர் தாண்டறதுக்கு முன்னாடி நம்ம பக்கமே ஃபுல் பண்ணிடுங்க, அங்க விலை கூட. பாண்டிச்சேரி போனா கொஞ்சமா போட்டுட்டுப் போய் அங்க ஃபுல் பண்ணுங்க.

ரெண்டு ஃபுல் டேங்க் கணக்கு எழுதிட்டு கீழ கமெண்ட்ல போடுங்க, ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டம், ஒரு ஓட்டம் எத்தனை கிலோமீட்டர்னும் சேத்து எழுதுங்க, பாத்து சொல்றேன்.