"நானும் இப்படித்தான் குடிச்சேனாம்மா?"

அன்புள்ள ஆலோசகருக்கு,

மும்பை செம்பூரில் இருக்கிறோம். எனக்கு ஃபோர்ட்டில் வேலை. மகனுக்கு 14 மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். பகலில் அத்தை பார்த்துக்கொள்கிறார். பருப்பு சாதம், இட்லி எல்லாம் சாப்பிடுகிறான். நான் லோக்கலில் நசுங்கி ஏழேகாலுக்கு வந்து கைகால் கழுவுவதற்குள் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பான். அந்த இருபது நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

"பல்லு முளைச்சாச்சு, நடக்கவும் ஆரம்பிச்சாச்சு, இன்னும் என்ன? வேப்பெண்ணெயைத் தடவு, ரெண்டே நாள்ல மறந்துடுவான்" என்கிறார் அத்தை. எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிச் சமாளிக்கிறேன். டாக்டர் சொன்னது நிஜம்தான். ஆனால் நான் கொடுப்பது அதற்காக இல்லை.

மூத்தவள் 30 வாரத்தில் பிறந்தாள். 33 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பம்ப் வைத்து எடுத்தால் புட்டியின் அடி நனையும், அவ்வளவுதான். பால் வங்கியிலிருந்து வந்த பாலை மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்கு வருவதற்குள் எனக்குச் சுத்தமாக வற்றிவிட்டது. இப்போது அவளுக்கு ஆறு வயது. போன வாரம் தம்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "நானும் இப்படித்தான் குடிச்சேனாம்மா?" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. இவனுக்காகக் கொடுக்கிறேனா, எனக்காகவா? இது சுயநலமா?

- செம்பூர் வாசகி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அத்தை விஷயத்தை முடித்துவிடுவோம். மற்ற சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேப்பெண்ணெய் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சல் வந்து அவதிப்படப்போவது நீங்கள். நிறுத்தும் காலம் வரும்போது ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். அந்த ஏழேகால் மணியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுயநலமா என்றால், உங்களுக்கும் பிடித்திருக்கிறது என்பதற்காக அவன் வயிற்றுக்குப் போகும் பால் குறைந்துவிடுமா என்ன?

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த "ஆமா"வைத்தான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய ஒரு குழந்தைக்குக் கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகவேண்டும். 30 வாரத்தில் பிறந்தவளை அன்றே மார்பில் போட்டிருந்தாலும் வயிறு நிறையக் குடித்திருக்க முடியாது. பிள்ளை வாய் வைத்து இழுக்காமல் பம்ப்பை மட்டும் நம்பியிருக்கும்போது பால் வற்றிப்போவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். இதையெல்லாம் அப்போது யாரும் உங்களிடம் உட்கார்ந்து பேசவில்லை போலிருக்கிறது.

தம்பிக்குக் கொடுத்து அக்காவின் பாக்கியைத் தீர்க்கப் பார்க்கிறீர்களோ என்று எனக்கொரு சந்தேகம். தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் நாளைக்கே தானாக முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பாக்கி அப்படியே நிற்கும். அதை மூத்தவளிடம்தான் தீர்க்க முடியும்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள். "நீ ரொம்பக் குட்டியா இருந்தே, உறிஞ்சத் தெம்பில்ல. வேற ஒரு அம்மா உனக்குப் பால் கொடுத்தாங்க, டியூப்ல குடிச்சே. உன்னை எப்போ வீட்டுக்குத் தருவாங்கன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன்." இந்தக் கதை அவளுக்குப் பிடித்தாலும் பிடிக்கும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தொடங்கியது உங்கள் பக்கத்திலேயே, சயான் மருத்துவமனையில்தான். அந்த வழியாகப் போகும்போது காட்டுங்கள். அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால், சொல்ல அழுகை வந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

தூக்கம் இன்னும் ஓரிரு வாரத்தில் சரியாகாவிட்டால், அந்தக் கண்ணாடிப் பெட்டியே கண்முன் நின்றால், மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். அப்புறம், நாளை மாலை அவன் குடிக்கும்போது மகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வையுங்கள். ஒரு கை சும்மாதானே இருக்கும்.