பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறான்

கேள்வி: எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் கருப்பனுக்கு ஐந்து வயது. ஆறு மாதமாக வாயில் நாற்றம். தினமும் பல் துலக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மகன் அவன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, எங்கள் பற்பசையைப் போட்டு நான் தேய்த்தேன். நான்காம் நாளிலிருந்து பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறான். போன வாரம் என் கையைக் கவ்விவிட்டான், பல் பதியவில்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுக்கும்போது என் மடியில் தலைவைத்துப் படுக்கிற பிள்ளை ஐயா அவன். என்ன செய்வது?
— வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, கையை வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். சிறு கீறல் தெரிந்தாலும், வீட்டு நாய்தானே என்று விடாமல் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

அந்தப் பற்பசையை நிறுத்திவிடுங்கள். நமக்குத் துப்பத் தெரியும், நாய் விழுங்கிவிடும். அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைப்பொருளும் அதன் வயிற்றுக்கு ஆகாது. சில பற்பசைகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடலாம். உப்பு, கரித்தூள், வேப்பங்குச்சியும் வேண்டாம்.

அடுத்து, வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகவே மெல்கிறானா? ஈறு சிவந்து ரத்தம் கசிகிறதா? அப்படியானால் பிரஷ்ஷைத் தொடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பல்லில் அழுக்கு படிந்து கல்லாக இறுகிப்போன பற்காரை எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. மயக்கமருந்து கொடுத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு ராஜபாளையம் வெள்ளையனுக்கு ஒருநாள் வலக்கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். என் மனைவி இரண்டு நாள் மஞ்சள் பூசினார். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல்தாடையில் கறியைக் கிழிக்கிற பெரிய பல் நெடுக வெடித்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே போய் நிற்கும். மாட்டுத் தொடையெலும்பை ஆசையாகப் போட்டு வளர்த்தோமே, அதைக் கடித்து வெடித்த பல். எத்தனை மாதம் வலித்ததோ! வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

வலி இல்லையென்றால், கருப்பன் பயப்படுவது வாயை இறுக்குகிற கைக்குத்தான். மகனை இனிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பிரஷ்ஷும் அவன் கண்ணில் பட வேண்டாம்.

திண்ணையிலேயே தொடங்குங்கள். பூத் தொடுத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, தலை மடியில் இருக்கும்போதே உதட்டோரத்தை விரலால் ஒருமுறை தொட்டு எடுத்துவிடுங்கள். உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படியே போகட்டும்.

பிறகு பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து ஆள்காட்டி விரலில் சுற்றி, கோழி வெந்த தண்ணீரில் நனையுங்கள். அந்தத் தண்ணீரில் உப்பு கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். முதல்நாள் நக்கட்டும். மறுநாள் கோரைப்பல்லில் ஒரே ஒரு இழுப்பு. கடைவாய்க்குப் போக அவசரமே வேண்டாம். வாயைத் திறக்கவும் வேண்டாம். மூடியபடியே உதட்டைத் தூக்கினால் போதும். காரை அதிகம் படிவது பல்லின் வெளிப்பக்கத்தில், அதிலும் மேல் கடைவாயில். உமிழ்நீர் சுரந்து விழுகிற இடம் அது. உட்பக்கத்தை நாக்கே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.

தலையைத் திருப்பினால், உடம்பை விறைத்தால், உறுமினால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, முந்தின நாள் எதற்குச் சம்மதித்தானோ அதற்கே திரும்பிப் போங்கள். துணி நன்றாகப் பழகிய பின் குழந்தைகளின் மெல்லிய பிரஷ்ஷும், நாய்க்கென்றே விற்கிற பற்பசையும் வாங்கலாம். ஈறும் பல்லும் சேருமிடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்துவைத்துச் சிறுவட்டமாகத் தேயுங்கள், பக்கத்துக்கு அரை நிமிடம். ஆனால் தினமும் செய்ய வேண்டும். பல்லில் படிகிற அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே கல்லாகத் தொடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு நான்கரை மாதம். நேற்றுச் சாக்கைக் கடித்து இழுத்தபோது ஒரு பல் விழுந்துவிட்டது. மறுபடி முளைக்குமா?
— பள்ளி மாணவர், மேலூர்

பதில்: முளைக்கும் தம்பி, அது பால்பல். 28 பால்பற்களும் விழுந்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். சிலவற்றைக் குட்டி விழுங்கிவிடும்; பயப்படாதே. புதுக் கோரைப்பல் முளைத்த பிறகும் பழையது பக்கத்திலேயே நின்றால் மட்டும் டாக்டரிடம் காட்டு. எல்லாப் பற்களும் வரும்வரை ஈறு நோகும், அதனால் இப்போது தேய்க்க வேண்டாம். திருமங்கலத்து அம்மாவுக்குச் சொன்னதில் முதல் வாரத்து வேலையை மட்டும் இன்றைக்கே ஆரம்பித்துவிடு.