அடுப்படிக் கேள்வி – பதில்: அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்

காலர்ட் கீரையைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் 22 ஆண்டுகளாகச் சமைக்கிறவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். வழக்கம்போல் கேட்டவர் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

கடையில் கரும்பச்சையாக ஒரு கட்டு பார்த்து ஆசையாக வாங்கிவந்தேன். பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தேன். கால் மணி நேரம் வேகவைத்தும் செருப்புத் தோலை மெல்வது போல் இருந்தது. மகன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டான். எங்கே தவறு, அக்கா?
– ஷார்லட், வட கரோலினா

'கீரை' என்ற சொல்லில்தான் தவறு. அதைக் கேட்டதும் நம் கை தானாகப் பத்து நிமிடக் கணக்குக்குப் போய்விடுகிறது. இது அரைக்கீரைக்குச் சொந்தமில்லை, முட்டைக்கோஸுக்குச் சொந்தம். முட்டைக்கோஸ், காலிபிளவர், நூக்கல், புரோக்கோலி எல்லாம் தாவரவியலில் ஒரே இனம். அந்தக் குடும்பத்தில் உருண்டு திரளாமல் இலையாகவே விரிந்து நின்றுவிட்ட பிள்ளை காலர்ட். ஓர் இலை சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சேம்பிலையில் உருள்வது போல உருண்டோடும். அப்படிப்பட்டதைக் கால் மணி நேரத்தில் குழையச் சொன்னால் எப்படிக் கேட்கும்?

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. ஜார்ஜியாவின் கிராமப்புறத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அப்போதே 70 வயதைத் தாண்டியிருந்தார். அவர் வீட்டில் அளவுக் கரண்டி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று நான் அளந்து எழுதிக்கொண்ட கணக்கு இது. இரண்டு பெரிய கட்டுக் கீரை, ஏறத்தாழ 900 கிராம். புகையூட்டிய பன்றிக் கணுக்கால் ஒன்று. 'ஹாம் ஹாக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பன்றி ஆகாதவர்கள் புகையூட்டிய வான்கோழிச் சிறகு இரண்டு வாங்கலாம், இங்கே பலரும் இப்போது அதற்கு மாறிவிட்டார்கள். ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி இடித்த மிளகாய், ஒரு மேசைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர், 2 லிட்டர் தண்ணீர்.

முதலில் இறைச்சி மட்டும். வெங்காயம், பூண்டோடு தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் சிறுதீயில் கிடக்கட்டும். தண்ணீர் மங்கலாகி, மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்து, வீடு முழுவதும் புகை வாசனை வந்த பிறகுதான் கீரைக்கு வேலை. பாட்டி இலையை இரண்டாக மடிப்பார். இடது கையில் மடித்த இலை, வலது கையில் காம்பு. ஒரே இழுப்பு. நடுநரம்பு மட்டும் சாட்டை போலத் தனியே வந்துவிடும். உரித்த இலைகளை ஏழெட்டாக அடுக்கி, சுருட்டு போலச் சுருட்டி, விரல் அகலத்துக்கு அரிவார். பானை கொள்ளாத அளவுக்குக் குவியலாகத் தெரியும். பயப்படாதீர்கள், கைப்பிடி கைப்பிடியாகப் போடப் போட அமுங்கிவிடும். முக்கால் மணி நேரத்தில் ஓர் இலையைத் தின்று பாருங்கள். நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் கூழாகிவிடக் கூடாது. முற்றல் இலைக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும். இறைச்சியிலேயே உப்பு உண்டு என்பதால் உப்பும், வினிகரும் இறக்குகிற நேரத்தில்தான். எலும்பிலிருந்து சதையைப் பிய்த்துத் திரும்பப் பானையில் போட்டுவிட வேண்டும்.

பச்சை நிறம் ஆலிவ் காய் நிறத்துக்கு மங்கும். அதுதான் சரியான நிறம். பளிச்சென்று இருக்கட்டும் என்று சோடா உப்பைப் போட்டுவிடாதீர்கள், இலை வழவழத்துப் போகும்.

மூன்று தடவை அலசியும் பல்லில் மண் நறநறக்கிறது. வேறு வழி உண்டா?
– கொலம்பியா, தென் கரோலினா

உங்கள் மாநிலம் 2011-ல் காலர்ட்டைத் தன் அதிகாரபூர்வக் காய்கறியாக அறிவித்தது. மண்ணோடு சேர்த்துத்தான் அறிவித்தார்களோ என்னவோ. குழாய்க்கு அடியில் இலையை நீட்டிக் காட்டினால் போகாது. நரம்பை உரித்த பிறகு அலசுங்கள், காம்பு சேருகிற மடிப்பில்தான் மண் குடியிருக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, இலைகளை அமுக்கி, கையால் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். நம்மில் பலர் கீரை உள்ளே இருக்கும்போதே அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுகிறோம். அடியில் தங்கிய மண் மறுபடி கீரையின் மேலேயே படிந்துவிடுகிறது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. கறுப்பு மண் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஜார்ஜியாவின் இந்தச் செம்மண் கரைந்த தண்ணீர் காவி வேட்டி அலசியது போல ஓடும், கடைசிச் சுற்றுவரை விடாது.

நாங்கள் சைவம். இறைச்சி இல்லாமல் இதைச் செய்தால் வெறும் பச்சைத் தண்ணீர் போல இருக்கிறது. மகளின் பள்ளி விருந்துக்குச் செய்துகொண்டுபோக வேண்டும்.
– மெம்ஃபிஸ்

இறைச்சி அந்தப் பானைக்குக் கொடுப்பது புகை, உப்பு, கொழுப்பு. அந்த மூன்றையும் வேறு வழியில் கொடுத்துவிட்டால் போதும். எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, இரண்டு வெங்காயத்தைத் தேன் நிறம் வரும்வரை அரை மணி நேரம் பொறுமையாக வதக்குங்கள். ஸ்மோக்டு பாப்ரிகா என்று புகையூட்டிய மிளகாய்த்தூள் கிடைக்கிறது, அது ஒரு தேக்கரண்டி. காய்ந்த காளானை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் வடிகட்டிச் சேருங்கள். பாட்டிலில் 'திரவப் புகை' விற்கிறார்கள். ஒரு சொட்டு போதும். நான் ஒருமுறை அரைக் கரண்டி விட்டேன், சாலையில் தார் உருக்குகிற வாசனை வந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது இன்னும் நேர்மையானது என்பேன். காஷ்மீரில் 'ஹாக்' என்று சமைக்கிறார்களே, அது இதே இனத்துக் கீரை. கடுகெண்ணெய், பெருங்காயம், மிளகாய், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். எதியோப்பியாவில் 'கோமன்', பிரேசிலில் மெல்லிய நூல் போல அரிந்து பூண்டோடு வதக்குகிற 'கோவ்' என்று உலகம் முழுக்க இதற்குச் சமையல் உண்டு. தெற்கத்தி அமெரிக்கச் சமையல்தான் வேண்டும் என்றால் மேலே சொன்னது. பெருங்காயம் போட்டே தீருவேன் என்றால் காஷ்மீருக்குப் போய்விடுங்கள். இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

கீரை வெந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் மிஞ்சுகிறது. வடித்துக் கொட்டிவிடலாமா?
– டம்பா, ஃபுளோரிடா

முதன்முதலில் சமைத்த அன்று நானும் இதைத்தான் செய்தேன், அதுவும் பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது. தொட்டியில் வடிதட்டை வைத்துப் பானையைக் கவிழ்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார். திட்டவில்லை. வடிதட்டுக்கு அடியில் ஒரு கிண்ணத்தை நுழைத்து, மிச்சம் விழுந்ததைப் பிடித்தார். அரைக் கிண்ணம் தேறியது. அதை அப்படியே என் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். எலும்புச் சாற்றின் கனம், பின்னாலேயே லேசான கசப்பு, கடைசியில் வினிகரின் சுருக். கீரையை விட அதுதான் நன்றாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அதன் பெயர் பாட்லிக்கர். அடிமைமுறைக் காலத்தில் பண்ணை வீட்டு மேசைக்குக் கீரை போய்விடும், சமைத்தவர்களுக்கு அடியில் மிஞ்சிய சாறுதான் என்று இங்கே சொல்வார்கள். செடி ஐரோப்பியர்களோடு வந்தது. ஆனால் இலையை மெதுவாக வேகவைத்து, அந்தச் சாற்றையும் உணவாக்குகிற பக்குவம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் கைப்பக்குவம். தண்ணீரில் கரைகிற வைட்டமின்களில் நல்ல பங்கு அந்தச் சாற்றுக்குத்தான் போகிறது. அட்லாண்டாவில் 1945 முதல் நடக்கும் மேரி மேக்ஸ் டீ ரூம் உணவகத்தில், முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு கோப்பை பாட்லிக்கரும் சோளரொட்டியும் இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு.

மிஞ்சினால் உறையவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பயறு வேகவைக்க உதவும். ரசம் வைத்துப் பார்த்தேன். புளியும் புகையும் ஒத்துப்போகவில்லை.

மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். ஜனவரி 1 அன்று பக்கத்து வீட்டார் கீரையும் காராமணியும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். விரதமா, வேண்டுதலா?
– திருநெல்வேலி

இரண்டும் இல்லை அம்மா, ஆண்டு முழுவதும் கையில் காசு புரள வேண்டும் என்ற ஆசை. கீரை ரூபாய் நோட்டு. டாலருக்கு 'கிரீன்பேக்' என்று பெயர் வந்தது 1861-ல், உள்நாட்டுப் போரின்போது, பின்பக்கம் பச்சையாக அச்சிட்ட நோட்டுகளால்தான். காராமணி சில்லறைக் காசு. சோளரொட்டி தங்கம். காராமணியும் அரிசியும் சேர்த்துச் சமைப்பதற்கு 'ஹாப்பின் ஜான்' என்று பெயர். காரடையான் நோன்பு அடையில் நாம் போடுகிற அதே காராமணிதான். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஒரு பக்கம் நம் ஊருக்கும் மறுபக்கம் இங்கேயும் வந்து சேர்ந்தது.

நாளும் பொருத்தமான நாள். குளிர் பட்டால் இந்தச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். உறைபனி விழுவதற்கு முன் பறித்ததற்கும் பின் பறித்ததற்கும் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். மகனை அந்தப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சர்க்கரை போடலாமா?
– பர்மிங்ஹாம், அலபாமா

போடுகிற வீடுகள் உண்டு. ஜனவரியில் வேண்டியதில்லை, ஜூலையில் வாங்கினால் ஒரு சிட்டிகை, யாரிடமும் சொல்லாமல்.

பிரஷர் குக்கர்?
– டல்லஸ்

இறைச்சிக்குச் சரி. கீரையைத் திறந்த பானையில் போடுங்கள். குக்கரில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விசில் அதிகமானால் தின்று பார்க்க இலை இருக்காது.

கணவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இந்தக் கீரை ஆகுமா?
– ராலே

இதில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். மருத்துவரைக் கேட்காமல் புதிதாகத் தொடங்க வேண்டாம். அவர் அனுமதித்தால் வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு வாரம் விருந்து, மறு வாரம் விரதம் என்பதுதான் ஆபத்து.

மேசையில் ஒரு பாட்டிலில் மிளகாய் மிதக்கிறதே, அது என்ன?
– சவானா

வினிகரில் ஊறிய சின்ன மிளகாய். கீரைமேல் நாலு சொட்டுத் தெளிக்க. சுத்தமான பாட்டிலில் காம்பு கிள்ளிய மிளகாயைத் திணித்து, சூடான வினிகரும் கொஞ்சம் உப்பும் ஊற்றி, ஆறியதும் மூடிக் குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் போதும். நம் ஊசிமிளகாய் கிடைத்தால் விடாதீர்கள். பாட்டிக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். மறுநாள் காலிப் பாட்டிலோடு வந்து நின்றார்.

பாட்லிக்கரில் சோளரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதா, பிட்டுப் போட்டுச் சாப்பிடுவதா? எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்சி.
– அகஸ்டா, ஜார்ஜியா

உங்கள் அலுவலகம் தேவலாம். 1931-ல் இதற்காகப் பத்திரிகையிலேயே சண்டை நடந்தது. லூசியானா ஆளுநர் ஹ்யூயி லாங் தோய்ப்பவர் கட்சி. 'அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்' நாளிதழ் பிட்டுப் போடுபவர் கட்சி. வாரக்கணக்கில் தலையங்கமும் வாசகர் கடிதங்களுமாக நீண்டது. அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் சும்மா இருக்கவில்லை. விவகாரத்தை ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று வேடிக்கையாக எழுதினார்.

நான் பிட்டுத்தான் போடுவேன். பழைய சோற்றைப் பிசைந்து பழகிய கை. ரொட்டி முழுவதும் ஊறிய பிறகு கரண்டி எதற்கு என்று பாட்டி கேட்பார். அவர் தோய்க்கிற கட்சி.