குடல்வால், வால், வைட்டமின் சி: உடலில் மிச்சமிருப்பவை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: குடல்வாலுக்கும் வேலை உண்டு என்கிறார்களே சார். அப்படியானால் பரிணாமத்துக்கு ஒரு சான்று குறைந்துவிட்டதா?

பதில்: எச்ச உறுப்பு, அதாவது மூதாதையரிடமிருந்து மிச்சமாக வந்த உறுப்பு, அடியோடு உபயோகமற்றதாக இருக்க வேண்டியதில்லை. அவர்களிடம் செய்த பழைய வேலையை விட்டிருந்தால் போதும். வாலெலும்பையே பாருங்கள். வால் இல்லை, ஆனால் இடுப்புத் தளத்தின் தசைகள் அதில்தான் வந்து ஒட்டுகின்றன. குடல்வால் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். சுருங்கிப்போன பழைய குடல்பகுதி என்று 1871இல் டார்வின் எழுதினார். ஆனால் அதில் நோய் எதிர்ப்புத் திசு நிறைய இருக்கிறது. பாலூட்டிகளில் அது தனித்தனியாகப் பலமுறை தோன்றியும் இருக்கிறது. அதனால் பரிணாமத்துக்காக வாதாடப் போனால் நான் அதைக் கையில் எடுக்க மாட்டேன்.

கேள்வி: பிறகு எதைத்தான் எடுப்பீர்கள்?

பதில்: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய 'குலோ' மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. துண்டு துண்டாக உடைந்து 8ஆவது குரோமோசோமில் கிடக்கிறது. சிம்பன்சிக்கும் மற்ற குரங்குகளுக்கும் அதே மரபணு உடைந்திருக்கிறது, நம்முடையதோடு பொருந்தும் விதத்தில். கினிப்பன்றிக்கும் உடைந்ததுதான், ஆனால் உடைந்த விதம் வேறு. தேர்வில் இரண்டு பேர் சரியான விடை எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இருவரும் ஒரே தப்பை எழுதினால்தான் மூலம் ஒன்று என்று தெரியும். தனித்தனியாகப் படைக்கப்பட்ட உயிரினங்கள் என்றால், இந்தப் பொதுவான சேதத்துக்கு என்ன காரணம் சொல்வது?

கேள்வி: என் உடம்பிலேயே இப்போது பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒரு தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எழும்பும். எழும்பாவிட்டால் பயப்பட வேண்டாம், பலருக்கு அது கிடையாது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாததால் பிடியின் பலம் குறைவதாகத் தெரியவில்லை. வேறு இடத்தில் தசைநாண் அறுந்தால், அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே வைத்துத் தைப்பதும் உண்டு.

கேள்வி: ஆண்களின் மார்புக்காம்பும் இந்தக் கணக்கில் வருமா?

பதில்: வராது. கருவில் ஆண், பெண் வேறுபாடு தொடங்கும் முன்பே அது உருவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கடைவாய் ஞானப்பல்லை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. அது தானாக மறைந்துவிடுமா?

பதில்: பயன்படுத்தாத உறுப்பு தேய்ந்து, அந்தத் தேய்மானம் பிள்ளைகளுக்குப் போகும் என்பது டார்வினுக்கு முந்தைய பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் காலத்து எண்ணம். அப்படி நடப்பதில்லை. அது மறைய வேண்டுமானால், ஞானப்பல் முளைக்காத மரபுள்ளவர்களுக்குப் பிள்ளைகள் கூடுதலாக இருக்க வேண்டும், அல்லது தற்செயலாக அந்த மரபு பரவ வேண்டும். தொந்தரவு தரும் பல்லைப் பிடுங்கிவிடும் இந்தக் காலத்தில் முதல் வழிக்கு வாய்ப்பு குறைவு. சிலருக்கு இப்போதே அது முளைப்பதில்லை, அது வேறு விஷயம்.