கல்லாவில் வந்த ஐந்து ரூபாய்: டபுள் டையா, மெஷின் டபுளிங்கா?

குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "ஐயா, கல்லாவில் 1999-ஆம் ஆண்டு ஐந்து ரூபாய் ஒன்று கிடைத்தது. ஆண்டு எண் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இது டபுள் டை, லட்சம் போகும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். வேலூரில் கொண்டுபோய் விற்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு மெஷின் டபுளிங்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன், நீங்களே பார்த்துவிடலாம்.

டபுள் டை என்பது காசு அடிக்கும்போது வரும் குறை இல்லை. அதற்கு முன்பே, காசு அடிக்கும் அச்சைச் (அதுதான் டை) செய்யும்போதே வந்துவிடுவது. ஹப் என்னும் எஃகுக் கட்டையில் உருவம் மேடாக இருக்கும். அதை டையின் மேல் அழுத்திப் பதிப்பார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் முழுசாகப் பதியாது, மறுபடியும் அழுத்த வேண்டும். அந்த மறு அழுத்தில் மயிரிழை விலகினாலும் டையிலேயே உருவம் இரட்டித்துவிடும். அப்புறம் அந்த டையில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு இருக்கும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் இப்படித்தான் பேர் வாங்கியது. அதில் ஆண்டு எண் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

மெஷின் டபுளிங்கில் டையில் ஒரு குறையும் இல்லை. பிடிமானம் தளர்ந்த டை, அடி விழுந்த நொடியில் லேசாக நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. இதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்துக் காசை மெல்லச் சுற்றுங்கள். 9-இன் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையான, தாழ்ந்த, பளபளக்கும் திட்டு இருந்து, எண்ணும் அந்த அளவுக்கு மெலிந்திருந்தால் அது மெஷின் டபுளிங். உங்கள் படத்தில் அந்தத் திட்டுதான் மின்னுகிறது. உண்மையான டபுள் டையில் எண் மெலியாது, தடிக்கும். இரண்டாவது உருவமும் உருண்டு மேடாக இருக்கும். கோட்டின் முனையில் சின்னப் பிளவு, பாம்பின் நாக்கு மாதிரி தெரியும். நான் முதலில் தேடுவது அந்தப் பிளவைத்தான்.

எழுத்து ஊதி, ஓரம் மங்கி, சுற்றிலும் சொரசொரப்பாக இருந்தால் அது தேய்ந்த டையின் வேலை. ஒரே ஒரு எழுத்து மட்டும் நசுங்கியிருந்தால் அது வெளியில் பட்ட அடி.

நம் ஆற்காடு ரூபாயைக் காட்டி இதே கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு. ஆற்காட்டின் பெயரில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அடித்த வெள்ளிக்காசு அது. சுத்தியலால் கையால் அடித்தவற்றில் இரண்டாம் அடி விலகி விழுந்து எழுத்து இரட்டித்திருக்கும். அது இரட்டை அடி, டபுள் டை இல்லை.

புளி, விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. தேய்த்த காசில் ஓரமும் பிளவும் அழிந்துபோகும்; நல்ல காசாகவே இருந்தாலும் விலை விழுந்துவிடும். ஆண்டு எண்ணையும் அதற்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறியையும் (மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை) லென்ஸ் வழியே கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். முனையில் பிளவு தெரிந்தால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.