இறாலை விரும்புகிறவர்கள் ஈசலைக் கண்டு முகம் சுளிப்பது ஏன்?

நாக்கு இதற்குக் காரணமல்ல, வளர்ப்புதான் காரணம். இறால், நண்டு, ஈசல் எல்லாமே கணுக்காலிகள். புற ஓடும் மூட்டுக் கால்களும் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒன்றைத் தட்டில் பார்த்து வளர்ந்தோம், மற்றதைச் சுவரில் பார்த்து வளர்ந்தோம்.

என் பாட்டிக்கு ஈசல் மழைக்காலத் தின்பண்டம். மழை விட்ட மாலையில் புற்றருகே விளக்கை ஏற்றி, அடியில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார். வெளிச்சத்துக்கு வந்தவை கொத்துக் கொத்தாக விழும். மறுநாள் வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்தால் இறக்கைகள் பறந்துவிடும். பிறகு வெறும் சட்டியில் வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து கையில் அள்ளித் தருவார். வறுத்த வேர்க்கடலை போல ஒரு கொழுப்புச் சுவை!

இது பஞ்சத்தில் வந்த பழக்கம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. புறநானூற்றின் 119ஆம் பாடலில், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும்போதுதான் கபிலர் புற்றீசலும் மோரும் சேர்ந்த புளிங்கறியைப் பாடுகிறார். இழந்த செழிப்பின் அடையாளமாக அது வருகிறது. பின்னாளில் சாதியும் நகரப் பழக்கமும் சேர்ந்து அதை ‘ஏழை உணவு’ ஆக்கிவிட்டன. அருவருப்பு அதன் பின்னால் வந்தது.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் ஈசலைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது.