ரக்பி கேள்வி–பதில்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கிளப் அணிகளின் நாக்-அவுட் கோப்பைக்குத் 'தகரக் குவளை' என்று பெயராமே? கிண்டலா? (திருச்சி)

பதில்: செல்லம்தான். அந்த வட்டாரப் பேச்சில் 'தௌட் டின் பாட்', அதாவது பழைய தகரக் குவளை. 1877இல் தொடங்கிய போட்டி அது. முதல் கோப்பை ஹாலிஃபாக்ஸுக்குப் போனது. ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்ததால் நுழைவுக் காசு குவிந்தது. ஆடுகிறவரோ சனிக்கிழமை அரைநாள் கூலியை இழந்தார். அந்தக் கூலியை ஈடுகட்டலாமா என்ற சண்டையில்தான் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் கண்டன. 13 பேர் ஆடும் இன்றைய ரக்பி லீக் அதன் வாரிசு. பிரிந்து போனவர்களில் ஹாலிஃபாக்ஸும் உண்டு!

கேள்வி: நாக்-அவுட் கோப்பைக்கு 13 அணிகள் வந்தால் அட்டவணை எப்படிப் போடுவது? (மதுரை)

பதில்: 2, 4, 8 என்று இரட்டித்துப் போனால் 13-க்கு அடுத்து வருவது 16. அதில் 13 போக மீதி 3. அந்த மூன்று 'பை'யையும் (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) முதல் சுற்றிலேயே கொடுத்துவிடுங்கள். 10 அணிகள் மோதி 5 வெல்லும். 'பை' பெற்ற 3 சேர்ந்தால் 8. மொத்தம் 12 ஆட்டம். சுற்றுக்கு ஒரு 'பை' என்று இழுத்தால் 13, 7, 4 என்று இறங்கும். குலுக்கலில் ஒரே அணிக்கு இரண்டு முறை விழுந்தால் அது ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதியில் நிற்கும்.

கேள்வி: ஒரு ப்ராப் (முன்வரிசை ஓரத்தில் நிற்பவர்) காயம்பட்டதற்கு ஸ்க்ரம்மையே (இரு அணியும் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது) தள்ளாமல் நடத்தச் சொல்கிறார்களே, ஏன்? (கண்டி)

பதில்: கழுத்துக்காக. எட்டு பேர் எட்டு பேரைத் தள்ளும் பாரம் முன்வரிசை மூவரின் கழுத்திலும் தோளிலும் இறங்குகிறது. பழகாதவரை நிறுத்தி ஸ்க்ரம் சரிந்தால் முதுகுத்தண்டுக்கே ஆபத்து. அதனால்தான் விதியில் கணக்கே உண்டு: 15 பேர் வரை வந்தால் முன்வரிசைக்குப் பழகியவர் 3, 16 முதல் 18 வரை 4, 19 முதல் 22 வரை 5, 23 என்றால் 6.

அமெச்சூர் கிளப் பெரும்பாலும் தடுக்கிவிழுவது 18 பேரோடு வரும்போதுதான். வெளியே உட்கார்ந்திருக்கும் மூவரில் முன்வரிசைக்குப் பழகியவர் ஒரே ஒருவர், அவரும் ப்ராப். ஹூக்கர் (முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னே இழுப்பவர்) விழுந்தால்? உள்ளே இருப்பவர்களில் யாருக்காவது ஹூக்கிங் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் தள்ளாத ஸ்க்ரம்தான். பந்தை இடுகிற அணிக்கே பந்து. அந்த நிலைக்குக் காரணமான அணிக்கு என்ன தண்டனை என்பது கோப்பைக்குக் கோப்பை மாறும். பெயர் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

இன்னொரு பொறி மஞ்சள் அட்டை. ப்ராப் 10 நிமிடம் வெளியேறினால், மாற்று ப்ராப்பை இறக்க வேறொரு ஆட்டக்காரரை வெளியே அனுப்ப வேண்டும். விங்கை (மைதான ஓரத்தில் ஓடுபவர்) அனுப்புவதா, ஃப்ளாங்கரை (ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் பிணைபவர்) அனுப்புவதா என்று அப்போது கூடிப் பேச நேரம் இருக்காது. முன்பே முடிவெடுத்து வைப்பவர்தான் கேப்டன்.

கேள்வி: சமனில் முடிந்தால்? (சேலம்)

பதில்: கோப்பை விதியைப் பாருங்கள்; சிலர் கூடுதல் நேரம் தருவார்கள். இங்கிலாந்தின் பழைய தேசியக் கோப்பையில் அதிக ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) அடித்தவருக்கு வெற்றி; அதுவும் சமம் என்றால் வெளியூர் அணி முன்னேறும். 12-12 என்று வையுங்கள்: ஒருவருக்கு இரண்டு ட்ரை (தலா 5), ஒரு கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் உதைப்பது, 2), மற்றவருக்கு நான்கு பெனால்டி உதை (தலா 3). ட்ரை அடித்தவர் அடுத்த சுற்றுக்கு. நான்கு முறை உதைத்தவர் வீட்டுக்கு.